கழிக்கு ருசி பார்த்தவர்கள்

பர்மா அரிசி வராமல் போன அந்தக் கோடையை நம் வயதுக்காரர்கள் யாரும் மறந்திருக்க முடியாது. வில்லியனூர்ப் பக்கம் இருந்தவர்களுக்குக் கடைவாசலில் கால் கடுக்க நின்ற வரிசை ஞாபகம் வரும். பாகூர்ப் பக்கத்து வயல்காட்டுக்காரர்களுக்குக் கேழ்வரகுக் கூழ் ஞாபகம் வரும். எனக்கு முதலில் வருவது மட்டிச் சிப்பி வேகும் வாசனை. பானைத் தண்ணீர் கொதித்ததும் ஓடுகள் ஒவ்வொன்றாக வாய் திறக்கும். அந்தச் சின்னச் சத்தமும், அதோடு எழும்பும் உப்புக் கலந்த ஆவியும் பசித்த வயிற்றை என்ன செய்யும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. இன்று அந்த வாசனை எங்கிருந்தாவது வந்தால் எழுந்து வேறு பக்கம் போய்விடுகிறேன். என் மருமகள் அதை வயதானவர்களின் அருவருப்பு என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் குப்பம் பாகூருக்குக் கிழக்கே, ஆறு கடலில் விழுகிற இடத்தில் இருந்தது. அந்த ஆற்றுவாயைக் கழி என்போம். கடல் பொங்கும்போது உப்புத் தண்ணீர் உள்ளே ஏறும், வற்றும்போது இறங்கும். இறங்கிய நேரத்தில் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, சேற்றைக் கையால் துழாவி மட்டி எடுப்பார்கள். கூடையைத் தலையில் வைத்து அபிஷேகப்பாக்கம் வரைக்கும் நடந்து போய் நெல்லாக மாற்றி வருவார்கள். ஆண்களுக்குக் கடல், பெண்களுக்குக் கழி. கடல் கொடுக்காத மாதங்களில் கழிதான் அடுப்பு மூட்டியது.

கழிக்கரையில் ஒரு பனங்கம்பம் நட்டிருந்தது. அதில் கறுப்புத் துணி தொங்கினால் யாரும் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. துணியை அவிழ்த்துவிட்டால் போகலாம். கட்டுவதும் அவிழ்ப்பதும் என் அப்பாவின் வேலை. கட்டுமரத்துக் கயிறு சுற்றி வலது கை மடங்கிப்போன பிறகு அவரால் துடுப்புப் பிடிக்க முடியவில்லை. ஆள் பெரிய ஆள். எங்கள் வீட்டுக்குள் நுழைய நன்றாகக் குனிய வேண்டும். சும்மா உட்கார்ந்திருந்தால் மனசு கெட்டுப்போகும் என்று பஞ்சாயத்தார்தான் அவரைக் கழி பார்க்கச் சொன்னார்கள்.

விடிந்ததும் கரையோரமாக நடந்து பார்ப்பார். நண்டு வளையை விட்டு வெளியே வந்து கிடக்கிறதா, பொடி மீன் மேலே வந்து வாய் பிளக்கிறதா, கொக்கு இறங்குகிறதா, தண்ணீர் உச்சி வெயிலில் என்ன நிறம் காட்டுகிறது என்று பார்ப்பார். மட்டி குஞ்சாக இருக்கும் நாட்களில் துணி கட்டிவிடுவார். மழைத் தண்ணீர் புதிதாக வந்து கலங்கினாலும் கட்டுவார். ஆனால் துணியை அவிழ்ப்பதற்கு முன்னால் அவர் கண்ணை மட்டும் நம்பமாட்டார். ஒரு கை மட்டி எடுத்துவந்து அம்மாவிடம் கொடுத்து வேகவைத்துத் தானே தின்பார். எங்களுக்குக் கொடுக்கமாட்டார். மறுநாள் காலையில் எழுந்து கை கால் சரியாக இருந்தால் போய் அவிழ்ப்பார். ஊர் முழுக்க எடுத்து முடித்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கூடை கழியில் இறங்கும். பார்க்கிறவன் வீடு கடைசி என்பது அவரே வைத்துக்கொண்ட வழக்கம்.

அத்தையைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அப்பாவின் ஒரே தங்கை. மாமா ரங்கூனுக்குப் போனவர். சண்டை வந்ததும் அங்கிருந்து நடந்தே திரும்பினவர்கள் சிலர் எங்கள் பக்கத்துக் குப்பங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். மாமா வரவில்லை. செத்தார் என்று சொல்லவும் ஆள் இல்லை. அத்தை தாலியோடும் ஒரே பிள்ளையோடும் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் குடிசையில் இருந்தாள். ஒல்லி உடம்பு. பின்னால் இருந்து பார்த்தால் வயசுக்கு வராத பெண் போல இருப்பாள். மாமா கொண்டுவந்த ரங்கூன் அரக்கு டப்பா ஒன்று அவளிடம் இருந்தது. சிவப்பும் கறுப்புமாக மினுக்கும். உள்ளே ஒன்றும் இல்லை. அத்தை மகன் அதைத் திறந்து திறந்து மோந்து பார்ப்பான். அப்பா வாசனை வருது என்பான். அவன் பிறந்த பிறகு மாமா ஊரில் இருந்ததே கொஞ்ச நாள்தான். எந்த வாசனையைச் சொன்னானோ தெரியாது. பல் விழக்கூட வயசாகாத பிள்ளை. என் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிவான். எனக்கு அது அப்போது பெரிய தொந்தரவாக இருந்தது.

அந்தக் கோடையில் வலை பின்ன நூல் கிடைக்கவில்லை. கிழிந்த வலையோடு போனவர்கள் வெறும் கையோடு திரும்பினார்கள். நெல்லுக்காரர்கள் பத்தாயத்தைப் பூட்டிக்கொண்டார்கள். மிச்சம் இருந்தது கழி ஒன்றுதான். அதுவும் சிவந்துபோனது.

சிவப்பு என்றால் ரத்தச் சிவப்பு இல்லை. பழைய ஆணியை ஊறப்போட்ட தண்ணீர் மாதிரி. காலையில் தெரியாது, உச்சி வெயிலில் மேலே ஆடை போலப் படரும். அப்பா துணியைக் கட்டினார். நான்கைந்து நாளில் தெளியும் என்று எல்லோரும் நினைத்தார்கள். தெளியவில்லை. நாட்கள் ஏறிக்கொண்டே போயின. தண்ணீருக்கு அடியில் மட்டி கொழுத்துக்கிடந்தது. கரையில் பிள்ளைகள் வயிறு உப்பி, கை கால் சூம்பிப்போய் உட்கார்ந்திருந்தோம். பனங்கிழங்கு தீர்ந்தது. கடலோரத்துக் கீரைகளைப் பறித்து வேகவைத்தோம். உப்புப் போடத் தேவையே இல்லாத கீரை அது.

பேச்சு மெதுவாகத்தான் தொடங்கியது. கிளிஞ்சல் சுடுகிற சுண்ணாம்புக் காளவாய்க்காரனுக்காக அப்பா கழியைப் பூட்டிவைத்திருக்கிறார் என்றார்கள். கை போனவனுக்கு அடுத்தவன் பசி தெரியுமா என்றார்கள். பஞ்சாயத்துப் பெரியவர் வந்து, கொஞ்சம் விட்டுப் பிடிக்கக் கூடாதா என்று தன்மையாகக் கேட்டுப் போனார். ஒருநாள் பெண்கள் எல்லோரும் கூடையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கே வந்துவிட்டார்கள். அப்பா தலையைக் குனிந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாக அத்தை வந்தாள், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு. அவள் சத்தம் போடவில்லை.

“தண்ணி கெட்டுப்போச்சின்னு நீ சொல்றது சரிதாண்ணே,” என்றாள். “இவன் வவுறு காயுறதுக்கு நான் இன்னா சொல்றது?”

அப்பா அந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். ஆற்றின் மேல்பக்கம் தெளிந்து வருகிறது, இன்றைக்கு எடுத்துத் தின்று பார்க்கிறேன் என்று சொன்னார். கூட்டம் கலைந்தது.

அன்று அவர் மட்டி கொண்டுவந்ததும் அம்மா அலசி வேகவைத்ததும் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அவர் தின்றார். ஓடுகளைத் தரையில் கவிழ்த்து வைத்தார். கொஞ்ச நேரம் கழித்து அடுப்படிப் பக்கம் போய் அம்மாவிடம் ஏதோ கேட்டார். அம்மா ஏதோ சொன்னாள். பிறகு வந்து படுத்தார். காலையில் எழுந்து நடந்தார், விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்தார், கழிக்குப் போனார். துணி இறங்கியதைப் பார்த்ததும் குப்பத்தில் எழுந்த சத்தம் திருவிழாச் சத்தம் மாதிரி இருந்தது.

பெண்கள் தண்ணீரில் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்கள். பசியில் இருக்கிறவர்கள் சிரிக்கும் சிரிப்பு வேறு மாதிரி இருக்கும், கொஞ்சம் அழுகை கலந்து. அத்தை கூடை வழிய எடுத்தாள். ஆற்றின் மேல்பக்கம் கூட்டமாக இருந்ததால் பலர் கீழே, கடல் பக்கமாக இறங்கிப் போனார்கள். அத்தையும் போனாள். நெல்லுக்கு மாற்றவெல்லாம் யாரும் நினைக்கவில்லை. நேராக அடுப்புக்குத்தான் போனது.

மத்தியானம் நான் வாசலில் இருந்தேன். அத்தை மகன் வயிறு நிறையத் தின்றுவிட்டு, காலி ஓடுகளை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். அவற்றை மண்ணில் வரிசையாக வைத்துக் கப்பல் விட்டான். ரங்கூன் கப்பல் என்றான். எங்கள் வீட்டுப் பானை அப்போதுதான் அடுப்பில் ஏறியிருந்தது. நான் பசியோடு அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் விரலால் உதட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு உள்ளே போய் அப்பா முன்னால் நின்றான்.

“மாமா, என் ஒதடு தூங்கிப்போச்சி.”

அப்பா முதலில் எட்டி எங்கள் அடுப்பில் இருந்த பானையைக் கீழே தள்ளினார். வெந்நீர் அவர் காலில் கொட்டியது. என்னைப் பார்த்து, வீடு வீடாக ஓடி எல்லாரையும் கொட்டச் சொல் என்றார். நான் ஓடினேன். எங்கள் குப்பத்தில் அத்தனை வீடு இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பாதி வீட்டில் தின்று முடித்திருந்தார்கள். சில பெண்கள் கேட்ட உடனே பிள்ளைகளின் வாயில் விரல் விட்டார்கள். ஒருத்தி, இவ்வளவு நாள் கழித்துக் கிடைத்ததைக் கொட்டுவதா என்று பானையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

திரும்பி வந்தபோது அப்பா அவனுக்கு உப்புத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். கொஞ்சம் வாந்தி எடுத்தான். எழுந்து நிற்கப் பார்த்தான். கால் அவன் பேச்சைக் கேட்கவில்லை. அதைப் பார்த்து அவனுக்கே சிரிப்பு வந்தது. அப்பா அவனைத் தோளில் போட்டுக்கொண்டு பாகூர் ஆஸ்பத்திரியை நோக்கி ஓடினார். அத்தை பின்னால் ஓடினாள். நான் சவுக்குத் தோப்பு வரைக்கும் ஓடி, மூச்சு வாங்கி நின்றுவிட்டேன். வெந்த காலோடு ஓடிய அப்பாவின் கால்தடம் மணலில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து போயிருந்தது.

பொழுது சாயும்போது திரும்பி வந்தார்கள். நடந்துதான் வந்தார்கள். அவன் அப்பா தோளில் முகம் புதைத்துக் கிடந்தான். தூங்குகிறான் என்றுதான் நினைத்தேன். வழியிலேயே மூச்சு நின்றுவிட்டதாம். ஆஸ்பத்திரி வரைக்கும் போகவே இல்லையாம். அத்தை அழவில்லை. அவன் மடியில் மிச்சம் இருந்த ஓடுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்துக் கடல் பக்கமாக வீசினாள். எறிகிற கை வலிக்கும் வரைக்கும் வீசினாள். அன்று குப்பத்தில் இன்னொரு குழந்தையும் போனது, பால் மறந்த குழந்தை. பெரியவர்கள் பலருக்கு வாய் மரத்தது, தலை சுற்றியது, தெளிந்துவிட்டது.

மறுநாளோ அதற்கடுத்த நாளோ பிரெஞ்சு அரசாங்கத்தின் ஊர்த் தலைவரான மேர் வந்தார். கூடவே வெள்ளைத் தொப்பி போட்ட டாக்டர் ஒருவர். வாந்தி எடுத்தார்களா என்று கேட்டார்கள், எடுத்தார்கள் என்று சொன்னோம். வாந்திபேதி என்று முடிவு செய்துவிட்டார்கள். கிணறுகளில் மருந்து கொட்டினார்கள், குடிசைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு தூவினார்கள். அப்பா கழியைக் காட்டி என்னென்னவோ சொன்னார். டாக்டர் கேட்டுக்கொண்டார், ஒரு போத்தலில் கழித் தண்ணீரும் எடுத்துப் போனார். பட்டணத்திலிருந்து பதில் எதுவும் வரவில்லை. கிணற்றுத் தண்ணீர் பல நாள் மருந்து நாற்றம் அடித்தது.

குப்பம் வாந்திபேதி என்று நம்பவில்லை. பார்க்கிறவன் வீட்டில் மட்டும் ஏன் யாரும் தின்னவில்லை என்று கேட்டது. அப்பா வைத்துக்கொண்ட வழக்கம் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்களே கேட்டார்கள். என்னோடு பாண்டி ஆடிய பெண்கள் என்னைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்பா காலில் கொப்புளம் வெடித்துச் சீழ் வைத்தபோதும் மருந்து போடவிடவில்லை.

இரண்டு விஷயங்கள் எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரியவந்தன. கல்யாணமாகிப் போன பிறகு என் மூத்த பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன். நர்ஸ் ஒரு மாத்திரையை எடுத்து, உடைத்து, ஒரு சின்னத் துண்டை மட்டும் என் கையில் வைத்தார். முழுசாக் குடுத்திடாதம்மா, பெரியவங்களுக்குத்தான் முழுசு, குழந்தை ஒடம்பு தாங்காது என்றார். மற்றவர்களுக்கு அது சாதாரணப் பேச்சு. நான் அந்த வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்பாவின் அவ்வளவு பெரிய உடம்பை வைத்துத்தான் நாங்கள் கழியை அளந்திருக்கிறோம். அவர் தாங்கினால் எல்லோரும் தாங்குவார்கள் என்று நம்பியிருக்கிறோம். அவருக்கும் தோன்றவில்லை, பஞ்சாயத்துக்கும் தோன்றவில்லை, அவரைத் திட்டினவர்களுக்கும் தோன்றவில்லை.

இன்னொன்றை அம்மா சொன்னாள். அப்பா காலமாகிச் சில வருஷம் ஆகியிருந்தது. இரண்டு பேரும் முறத்தில் மிளகாய்க் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தோம். கண் எரிந்து நான் முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அம்மா திடீரென்று, அன்றைக்கு அப்பா அடுப்படிக்கு வந்து கேட்டது தெரியுமா என்றாள். உதட்டில் லேசாக எரிகிற மாதிரி இருக்கிறது, மிளகாய் அதிகமா என்று கேட்டாராம்.

“வூட்டுல கெடந்ததே ஒரே ஒரு மொளகாதான்டி. அதைத்தான் கிள்ளிப் போட்டேன். ஆமா, கொஞ்சம் கூடப்போச்சின்னு சொல்லிட்டேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. அன்று வாசலில் கூடையோடு நின்ற பெண்களுக்குப் பின்னால், எங்கள் வீட்டுக்குள்ளும் பசித்த பிள்ளைகள் இருந்தோம். அம்மா கிள்ளிய காம்புகளை ஒரு பக்கமாகக் குவித்தாள். அதை அவள் அப்பாவிடம் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கமாட்டாள் என்றே நினைக்கிறேன்.

பிள்ளைகள் இறந்த அந்த வருஷம் ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை. ஆறு பெருகி வந்து கழியைக் கழுவிக்கொண்டு போனது. தை பிறந்து மாசி வந்தது. தண்ணீர் பார்க்கத் தெளிவாக இருந்தது, கொக்கு இறங்கியது. ஆனால் யாரும் கழியில் கால் வைக்கவில்லை. அப்பா துணியைத் தொடவில்லை, பஞ்சாயத்தார் வந்து அழைத்தும் போகவில்லை. வேறு ஆளைப் பார்க்கச் சொன்னார்கள். ஒருவரும் தின்னத் துணியவில்லை. எதிரே மட்டி நிறைந்துகிடக்க, குப்பம் இரண்டாவது வருஷமாகக் கூழுக்கு அலைந்தது.

ஒருநாள் சாயங்காலம் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளை போன பிறகு அவள் அப்பாவோடு பேசியதே இல்லை. சண்டை இல்லை, பேச்சு இல்லை, அவ்வளவுதான். முந்தானையில் ஈரம் சொட்டியது. மடியில் மட்டி இருந்தது. நேராக அடுப்படிக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தாள்.

“வேக வையுங்க அண்ணி. இனிமே நான் துன்றேன்.”

அப்பா எழுந்து குறுக்கே நின்றார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார். அத்தை அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் உச்சந்தலை அவர் நெஞ்சுக்குக்கூட எட்டவில்லை.

“ஒனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்காங்க,” என்றாள். “எனக்கு இன்னாண்ணே இருக்குது?”

அப்பா நகர்ந்து வழிவிட்டார். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தின்றாள். ஓட்டை வழித்து, வேகவைத்த தண்ணீரையும் குடித்தாள். அப்பா எதிர்ச் சுவரோரம் உட்கார்ந்தார். அவர் அவளுடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரில் எல்லோரும் மறுநாள், தான் கேட்டுத்தானே கழி திறந்தது என்று பிராயச்சித்தம் செய்கிறாள், எவ்வளவு பெரிய மனசு என்று பேசிக்கொண்டார்கள். எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தை எனக்கு அன்றைக்குச் சாமி மாதிரி தெரிந்தாள்.

நான் அவள் பக்கத்திலேயே தூங்கிப்போயிருக்கிறேன். கண் விழித்தபோது கதவிடுக்கில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. அத்தை சாய்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். படுக்கவே இல்லை. நான் எழுந்து அவள் கையைப் பிடித்து விரலை மடக்கிப் பார்த்தேன், நீட்டிப் பார்த்தேன். விரல் நன்றாக மடங்கியது. சந்தோஷத்தில் அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அத்தைக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அப்பாவைக் கூப்பிட்டுக் கத்தினேன். அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. வெளியே செய்தி பரவி, கூடைகள் உருளும் சத்தம் கேட்கத் தொடங்கியது.

அத்தை என் கையை மெதுவாக விலக்கினாள். கதவிடுக்கில் ஏறிக்கொண்டிருந்த வெளிச்சத்தைப் பார்த்தாள்.

“இன்னிக்கும் விடிஞ்சிடுச்சிடி,” என்றாள்.

அதற்குப் பிறகு அவள் உயிரோடு இருந்தவரை ஒவ்வொரு வருஷமும் கழிக்கு ருசி பார்த்தது அவள்தான். குப்பம் அவளைக் கொண்டாடியது. அந்தக் காலையில் நான் அவள் குரலைச் சந்தோஷம் என்றே எடுத்துக்கொண்டேன். அம்மாவும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, ஓடிப்போய் அவளுக்குச் சூடாகக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். அத்தை அதை வாங்கிக் குடித்தாள்.